நாலு கம்பம், ஒரு நோட்டு: கொல்லையில் டிராகன் பழம்



இன்னைக்கு டிராகன் பழத்தைப் பத்திப் பேசலாம். சூப்பர் மார்க்கெட்டில் பிளாஸ்டிக் தாள் சுற்றி, ஆப்பிளுக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருப்பார்களே, அந்தப் பழம்தான். வாங்கிச் சாப்பிட்டவர்களில் பாதிப் பேர் சொல்வது ஒன்றே ஒன்று: "பாக்க அழகா இருக்கு, வாயில வச்சா தண்ணி மாதிரி இருக்கு." அது பழத்தின் குற்றம் இல்லை. ஏன்னு பின்னாடி சொல்றேன்.

என் ஊர் மணப்பட்டு. புதுச்சேரியில் பாகூர் கொம்யூன், கடலூர் சாலைக்குக் கிழக்கே, கடலை ஒட்டிய ஊர். பாகூர் என்றாலே நெல்தான். புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுப்பார்கள். கடற்கரைப் பக்கம் வர வரத் தென்னை, சவுக்கு. அப்படிப்பட்ட ஊரில் கள்ளிச்செடியில் பழம் காய்ப்பது இப்போது புதுசு இல்லை. நாலைந்து வீட்டில் இருக்கிறது. எங்க வீட்டுக் கொல்லையில் அது எப்படி வந்தது, எதற்காக வந்தது என்பதைச் சொன்னால், வளர்க்கிற முறையும் கூடவே வந்துவிடும்.

நோட்டீஸ் வந்த கதை

2020 கடைசியில் என் தம்பி வேலை பார்த்த கம்பெனியில் ஆளைக் குறைத்தார்கள். வீட்டோடு இருந்தான். எங்களுக்குத் தாத்தா வழியில் வந்த நிலம் 38 குழி, அதாவது அரை ஏக்கர். ஒரு போகம் நெல், ஒரு போகம் மணிலா. சாப்பாட்டுக்கு ஆகும், பெரிதாக மிச்சம் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒருவர் ஊருக்கு வந்தார். கையில் வழவழப்பான நோட்டீஸ். டிராகன் பழம், ஒரு கம்பத்துக்கு 25 கிலோ, கிலோ 200 ரூபாய், 20 வருஷத்துக்குக் காய்ப்பு. கன்று நாங்களே தருவோம், பழத்தை நாங்களே வாங்கிக்கொள்வோம். தம்பி போனில் கால்குலேட்டரைத் திறந்தான். அரை ஏக்கரில் 220 கம்பம் நடலாம். 220 பெருக்கல் 25 பெருக்கல் 200. பதினோரு லட்சம்! ஒரே வருஷத்தில்!

அவன் அன்று ராத்திரி தூங்கவில்லை. காலையில் என்னிடம் வந்து, "அக்கா, ஒன் நகையும் அவ நகையும் வச்சா மூணு லட்சம் வரும். ரெண்டே வருஷம். மீட்டுக் குடுத்துர்றேன்" என்றான். 'அவ' என்றால் அவன் பொண்டாட்டி. அவளுக்குக் கல்யாணமாகி அப்போது ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டார்: "கள்ளிச்செடிக்கு நகையாடா?"

அம்மா கேட்டது கிண்டலுக்கு இல்லை. எங்கள் பக்கத்தில் கள்ளியை வேலியில் வைப்பார்கள், வீட்டுக்குள் வைக்க மாட்டார்கள். எனக்கு அந்த நம்பிக்கை ஒரு பிரச்சினையாகத் தெரியவில்லை. என் கேள்வி வேறு. இந்த ஊர் மண்ணில், இந்த ஊர் தண்ணீரில், இந்த ஊர் மழையில் அந்தச் செடி என்ன செய்யும் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. நோட்டீஸ் கொடுத்தவருக்கும் தெரியாது. அவர் மணப்பட்டுக்கு வந்ததே அன்றைக்குத்தான்.

அதனால் தம்பியிடம் ஒரு ஒப்பந்தம் போட்டேன். கொல்லையில் நாலு கம்பம் நடு. வரவு, செலவு, பூ, காய், கிலோ எல்லாவற்றையும் நோட்டில் எழுது. மூன்று வருஷம் போகட்டும். நோட்டு என்ன சொல்கிறதோ, அதன்படி நகை. அவனுக்குக் கோபம்தான். ஆனாலும் ஒத்துக்கொண்டான்.

இந்தச் செடி யார்?

இது மத்திய அமெரிக்கா, மெக்சிகோ பக்கத்துக் காட்டுச் செடி. கள்ளி இனம்தான், ஆனால் பாலைவனக் கள்ளி இல்லை. இந்த இடத்தில்தான் பலரும் குழம்பிப்போகிறார்கள். ஈரமுள்ள காட்டில் மரத்தையோ பாறையையோ பிடித்துக்கொண்டு மேலே ஏறுகிற கொடி இது. தண்டிலிருந்தே வேர் விட்டு ஒட்டிக்கொள்ளும். அதனால் இதற்கு ஏறப் பிடிமானம் வேண்டும், உச்சியில் கொஞ்சம் நிழல் இருந்தால் சந்தோஷம், மண்ணில் மக்கு வேண்டும். மணலைக் கொட்டி, 'கள்ளிதானே, தண்ணியே வேணாம்' என்று விட்டால் சாகாது, ஆனால் காய்க்காது.

பெயர்க் கதை ஒன்று இருக்கு, எங்க ஊர்க்காரங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். இந்தச் செடியை 19ஆம் நூற்றாண்டில் வியட்நாமுக்குக் கொண்டுபோனவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். அங்கே இதற்குப் பெயர் 'தன் லாங்', பச்சை டிராகன் என்று அர்த்தம். அதே பிரெஞ்சு ஆட்சியில்தான் புதுச்சேரியில் இருந்து ஏராளமான தமிழர்கள் சைகோனுக்கு வேலைக்குப் போனார்கள். சைகோனில் இன்றும் மாரியம்மன் கோயில் இருக்கிறது. ஆக, செடியும் நம்ம ஆளுங்களும் ஒரே கொடியின் கீழ் அதே ஊரில்தான் இருந்திருக்கிறார்கள். ஆனால் இந்தச் செடி இந்தியாவுக்கு வந்தது 1990களில்தான், அதுவும் வீட்டுத் தோட்டச் செடியாக. தோப்பு, ஏற்றுமதி, லட்சம் எல்லாம் அப்புறம் வந்த பேச்சு.

2020 ஜூலையில் பிரதமர் தன் வானொலிப் பேச்சில் கட்ச் விவசாயிகளின் டிராகன் பழத்தைப் பற்றிப் பேசினார். 2021 ஜனவரியில் குஜராத் அரசு அதற்குக் 'கமலம்' என்று பெயர் வைத்தது, பார்க்கத் தாமரை மாதிரி இருக்கிறதாம். எங்க ஊருக்கு நோட்டீஸ் வந்ததும் அந்தச் சூட்டில்தான். ஒரு பயிர் செய்தியில் வரும்போதுதான் கன்று விற்பவர் ஊருக்குள் வருவார். இதை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க.

நட்டது எப்படி

2021 பிப்ரவரியில் நட்டோம். எங்கள் பக்கத்துக்கு அதுதான் நல்ல பருவம். மழை முடிந்து, வெயில் ஏறுவதற்குள் வேர் பிடித்துவிடும்.

முதலில் கம்பம். சிமெண்ட் கம்பம், ஏழடி. ஒன்றரை அடி மண்ணுக்குள், ஐந்தரை அடி வெளியே. உச்சியில் ஒரு சிமெண்ட் வளையம். வளையம் கிடைக்கவில்லை என்றால் பழைய டூவீலர் டயர் போதும். கம்பி ரெண்டைக் குறுக்கே விட்டு அதன் மேல் டயரை உட்கார வைத்துவிடலாம். கம்பத்தில் கஞ்சத்தனம் பண்ணாதீங்க. இந்தச் செடி இருபது வருஷம் இருக்கும். நாலைந்து வருஷத்தில் ஒரு கம்பம் ஒரு ஆள் கனத்தைத் தாங்கணும். மூங்கிலும் சவுக்குக் கழியும் எங்கள் ஊரில் சல்லிசாகக் கிடைக்கும். ஆனால் மூன்றாவது மழையில் அடி இற்றுப்போய், செடி நல்லா வளர்ந்த நேரமாகப் பார்த்துச் சாயும்.

அடுத்து மண். இதில்தான் எங்கள் ஊருக்கென்று ஒரு சங்கதி. புதுச்சேரிக்கு ஆண்டு மழை சுமார் 1,300 மில்லிமீட்டர். அதில் பெரும்பங்கு அக்டோபரில் இருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடும். இந்தச் செடிக்கு வேர் மேலாகத்தான் போகும், ஓரடிக்குள். தண்ணீர் நின்றால் அழுகிவிடும். அதனால் குழி வெட்டவில்லை, மேடு கட்டினோம். கம்பத்தைச் சுற்றி ஒன்றரை அடி உயரம், மூன்றடி அகலம். ரெண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு மக்கிய தொழு உரம், மேட்டுக்கு ரெண்டு கை வேப்பம் புண்ணாக்கு.

பிறகு கன்று. கன்று என்பது வேறொன்றும் இல்லை, தண்டை வெட்டின துண்டுதான். ஒரு சாண், ஒன்றரைச் சாண் நீளம். வெட்டினவுடனே நடக்கூடாது. நிழலில் ஐந்து முதல் ஏழு நாள் போட்டு வைத்தால் வெட்டின இடம் காய்ந்து தோல் கட்டும். பச்சைக் காயத்தோடு மண்ணில் வைத்தால் அழுகும். எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் கீழ் என்று வெட்டும்போதே அடையாளம் வச்சுக்கணும். கம்பத்துக்கு நாலு பக்கமும் நாலு துண்டு. கம்பத்தோடு சேர்த்துச் சணலால் தளர்வாகக் கட்டணும்.

செடி மேலே ஏறும்வரை ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு தண்டைத்தான் விடணும். பக்கத்தில் கிளைப்பதை எல்லாம் கிள்ளிவிடணும். வளையத்தைத் தாண்டியதும் நுனியை வெட்டினால் நாலா பக்கமும் கிளை வெடித்து, குடை மாதிரி கீழே தொங்கும். பூ வருவது தொங்குகிற கிளையில்தான். உயரமா நிமிர்ந்து நிற்கிற கிளை வளர்ந்துகொண்டே போகும், காய்ப்பு குறைவு.

நாலு கம்பம், நாலு வளையம், 16 கன்று, எரு, கூலி எல்லாம் சேர்த்து 4,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். நோட்டின் முதல் பக்கம் அதுதான்.

வெயிலும் உப்பும்

முதல் கோடையில் தண்டு மஞ்சளானது. மேற்கு பார்த்த பக்கம் மட்டும். கள்ளிக்கு வெயில் தாங்காதா என்று கேட்பீங்க. தாங்கும், ஆனால் இது காட்டு நிழலில் பிறந்தது. 38, 40 டிகிரி போனால் தோல் வெந்துவிடும். வெந்த இடத்தில் பூஞ்சை பிடித்து ஆரஞ்சுப் புள்ளி விழும், அது தண்டுப் புற்றாக மாறும். ஏப்ரலும் மேயும் பச்சை வலை கட்டினோம். அதற்கு மறு கோடையில் இருந்து அந்தக் கிளைகளே ஒன்றுக்கொன்று நிழல்.

உப்பு இன்னொரு தொல்லை. கடலோரக் கிராமங்களில் கோடை முற்ற முற்ற போர் தண்ணீர் கரிக்க ஆரம்பிக்கும். காபி போட்டாலே தெரியும். அந்தத் தண்ணீரைத் தினமும் ஊற்றினால் மேட்டின் மேல் வெள்ளையாய்ப் பூக்கும், தண்டு நுனி காயும். எங்கள் வீட்டு ஓட்டில் விழுகிற மழைத் தண்ணீரை ஒரு தொட்டியில் பிடிக்கிறோம். கோடையில் வாரத்துக்கு ரெண்டு நாள், மேட்டுக்கு ஒரு குடம், அது போதும். மேலே தென்னை மட்டையும் சருகும் மூடாக்கு. இந்தச் செடி பகலில் இலைத்துளையை மூடிக்கொண்டு ராத்திரியில்தான் திறந்து காற்றை வாங்குகிறது. அதனால் தண்ணீரை ரொம்பச் சிக்கனமாகச் செலவு பண்ணும். நாமும் சாயங்காலத்தில் ஊற்றுவது நல்லது.

ராத்திரி பத்து மணிக்குப் பிரஷ்

2022 ஜூனில் முதல் மொட்டு. எங்களிடம் ரெண்டு கம்பம் வெள்ளைச் சதை, ரெண்டு கம்பம் சிவப்புச் சதை. மொட்டு வந்து பதினைந்து, இருபது நாளில் பூக்கும். ஒரே ஒரு ராத்திரி. ஏழு மணிக்கு மேல் மெல்ல விரிய ஆரம்பித்து, பத்து மணிக்கு முழுசாகத் திறந்து, காலை வெயில் பட்டதும் தொங்கிவிடும். ஓரடி நீளப் பூ. பிரம்மகமலம் என்று வீட்டில் வைப்போமே, அதற்கு ஒன்று விட்ட அக்கா மாதிரி. தெருவே வந்து பார்த்தது.

வெள்ளைச் சதைக் கம்பத்தில் 9 காய் நின்றது. சிவப்பில் பூத்த பூ எல்லாம் ஐந்தாறு நாளில் மஞ்சளாகி உதிர்ந்தது. ஒன்று கூட நிற்கவில்லை. மறுபடி பூத்தது, மறுபடி உதிர்ந்தது. தெருவே பார்த்ததால் கண் பட்டுவிட்டது என்று அம்மா முடிவு கட்டினார். செடிக்கு மிளகாய் சுற்றிப் போட்டார், நெஜமாத்தான்.

காரணம் வேறு. சிவப்புச் சதை ரகங்களில் பலவற்றுக்குத் தன் மகரந்தம் தனக்கே ஒவ்வாது. வேறு ரகத்துப் பூவின் மகரந்தம் வந்தால்தான் காய் பிடிக்கும். நம்மிடம் இருப்பது துண்டு வெட்டி நட்ட செடி. ஒரே தாய்ச்செடியில் வெட்டிய எட்டுத் துண்டு என்றால், அது எட்டுச் செடி இல்லை, ஒரே செடியின் எட்டு பிரதி. ஒன்றின் மகரந்தத்தை இன்னொன்றுக்கு வைத்தாலும் அதுவும் தன் மகரந்தம்தான். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சொந்த நாட்டில் இந்தப் பூவுக்கு வௌவாலும் பெரிய அந்துப்பூச்சியும் வேலை செய்யும். நம்ம ஊரில் காலையில் தேனீ வரும், ஆனால் அதற்குள் பூ மூடுகிற நேரம் ஆகிவிடும். பூவின் நடுவில் சூல்முடி, மகரந்தத்தைத் தாண்டி உயரமாக நீட்டிக்கொண்டு நிற்கும். தானாக ஒட்டுவது கஷ்டம்.

2023இல் நாங்களே அந்துப்பூச்சி ஆனோம். ராத்திரி பத்து மணிக்கு டார்ச், ஒரு கிண்ணம், தம்பி பொண்டாட்டியின் மேக்கப் பிரஷ். வெள்ளைப் பூவில் இருந்து மகரந்தத்தைக் கிண்ணத்தில் தட்டி எடுத்து, சிவப்புப் பூவின் சூல்முடியில் தடவணும். மஞ்சள் பொடி மாதிரி ஒட்டிக்கொள்ளும். பூவுக்கு அரை நிமிஷம். வெள்ளை இன்றைக்குப் பூத்து, சிவப்பு நாளைக்குப் பூத்தால், மகரந்தத்தைக் காகிதத்தில் மடித்து டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்துக்கொண்டோம். அம்மா டார்ச் பிடிப்பார். "இந்தக் கூத்த நான் எந்த வயல்லயும் பாத்ததில்ல" என்று முதல் நாள் சொன்னார். நாலாவது நாள் பிரஷ்ஷை அவரே வாங்கிக்கொண்டார்.

அந்த வருஷம் சிவப்பில் காய் நின்றது. மொத்தம் 61 பழம், 18 கிலோ.

மாடியில் ஒரே ஒரு செடி வைத்திருக்கிற நண்பர்கள், பூக்கிறது, காய்க்கவில்லை என்று உரம் மாற்றி உரம் போடாதீங்க. முதலில் இன்னொரு ரகத்தை வாங்கிப் பக்கத்தில் வையுங்க.

எப்போது பறிப்பது

இப்போது, அந்தத் தண்ணி மாதிரி ருசிக்கு வரேன். டிராகன் பழம் மாம்பழம் மாதிரி, வாழை மாதிரி பறித்த பிறகு பழுக்காது. செடியில் இருக்கும்வரை ஏறின இனிப்புத்தான். பூத்ததில் இருந்து நாலு வாரம் போல ஆனதும் தோல் பச்சையில் இருந்து ரோஜா நிறத்துக்கு மாறும். நிறம் மாறியவுடன் பறித்தால் தூரப் பயணம் தாங்கும், கடையில் அதிக நாள் நிற்கும். ஆனால் இனிப்பு ஏறியிருக்காது. வீட்டுச் செடியில் நிறம் மாறின பிறகும் நாலைந்து நாள் விடலாம். செதில் நுனி வாட ஆரம்பிக்கும், அதுதான் அடையாளம். மழை வருகிறது என்றால் மட்டும் முந்திப் பறிக்கணும், இல்லாவிட்டால் வெடிக்கும். அந்த நாலைந்து நாள்தான் வீட்டுப் பழத்துக்கும் கடைப் பழத்துக்கும் உள்ள வித்தியாசம்.

நாம் மட்டும் காத்திருக்கவில்லை. அணிலும் மைனாவும் கூடக் காத்திருக்கும். நிறம் மாறத் தொடங்கியதும் பழத்துக்கு வலைப்பை கட்டிவிடுவோம்.

சிவப்புச் சதை சாப்பிடுகிறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. தம்பி பையன் முதல் தடவை ஒரு முழுப் பழம் தின்றான். மறுநாள் காலையில் அவன் அம்மா, "ரத்தமா போவுதுக்கா" என்று அழுதுகொண்டே ஓடி வந்தாள். ரத்தம் இல்லை. பீட்ரூட்டில் இருக்கிற அதே வகை நிறமி இதிலும் இருக்கிறது. ஒரு நாளில் சரியாகிவிடும். அதே மாதிரி, டெங்கு காலத்தில் இந்தப் பழம் பிளேட்லெட்டை ஏற்றும் என்று விலையை ஏற்றி விற்கிறார்கள். அதற்கு உறுதியான மருத்துவச் சான்று கிடையாது. நல்ல பழம், அவ்வளவுதான். காய்ச்சலுக்கு டாக்டரைப் பாருங்க.

ஃபெஞ்சல்

2024 நவம்பர் 30 ராத்திரி. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அடுத்த ரெண்டு மூன்று நாளில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து பாகூர் பக்கத்துக் கிராமங்களுக்குள் புகுந்தது. நெல் வயல் எல்லாம் ஏரி மாதிரி கிடந்தது.

எங்கள் கொல்லையில் ரெண்டு நாள் தண்ணீர் நின்றது. காற்றில் ஒரு கம்பத்தின் டயர் கழன்று கிளைகள் ஒடிந்தன. மேடு மட்டும் கரையாமல் தண்ணீருக்கு மேலே தீவு மாதிரி நின்றது. மூடாக்கும் வேரும் சேர்ந்து மண்ணைப் பிடித்துவைத்திருந்தன. நாலு கம்பமும் பிழைத்தது. அடுத்த தெருவில் ஒருவர் தரையோடு தரையாக நட்டிருந்த செடிகள் பதினைந்து நாளில் அடியில் பழுப்பாகி, கை வைத்தால் கூழாகிவிட்டன. ரெண்டும் ஒரே மண், ஒரே மழை. ஒன்றரை அடி உயரம்தான் வித்தியாசம்.

தண்ணீர் வடிந்ததும் ஒடிந்ததை எல்லாம் சுத்தமாக வெட்டி, வெட்டின இடத்தில் காப்பர் ஆக்ஸிகுளோரைடைக் குழைத்துத் தடவினோம். கத்தியை ஒவ்வொரு செடிக்கும் துடைத்துத் துடைத்து வெட்டணும், இல்லாவிட்டால் நாமே நோயைப் பரப்புவோம். அறுவடை முடிந்த பிறகு வருஷா வருஷம் இந்தக் கவாத்து உண்டு. பழைய, மெலிந்த, ஒன்றின் மேல் ஒன்று விழுகிற கிளைகளை எடுக்கணும்.

நோட்டு சொன்னது

அந்த வருஷக் கணக்கு, புயலுக்கு முன்னாடியே பறித்து முடித்தது: 110 பழம், 34 கிலோ. கம்பத்துக்கு எட்டரை கிலோ. சீசனில் பழக்கடைக்காரர் கேட்ட விலை கிலோ 90 ரூபாய். "எல்லாரும் இதத்தானம்மா கொண்டாறாங்க" என்றார். அதுதான் சிக்கல். எங்கள் மாவட்டத்தில் இருக்கிற எல்லாச் செடியும் ஜூனுக்கும் அக்டோபருக்கும் நடுவில், அதே வாரங்களில்தான் காய்க்கும். பகல் நீளமாக இருந்தால்தான் இந்தச் செடி பூக்கும். நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு 12 டிகிரி வடக்கே. ஜூனில் பகல் சுமார் 12 மணி 50 நிமிஷம், டிசம்பரில் சுமார் 11 மணி 25 நிமிஷம். அந்தச் சின்ன வித்தியாசம் அதற்குப் போதும். வியட்நாமில் பின் துவான் பகுதியில் ராத்திரி சில மணி நேரம் தோப்பு முழுக்க பல்பு எரியவிட்டு, செடியை ஏமாற்றிச் சீசன் இல்லாதபோதும் காய்க்க வைக்கிறார்கள். அதற்கு மின்சாரம், கம்பி, முதல் எல்லாம் வேண்டும். நோட்டீஸில் அது இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நாலு பேரும் நோட்டை விரித்து உட்கார்ந்தோம். 220 கம்பம், கம்பத்துக்கு எட்டரை கிலோ, கிலோ 90. தம்பிதான் கால்குலேட்டரில் தட்டினான். 1,68,300. பதினோரு லட்சம் எங்கே, இது எங்கே. எங்கள் நாலு கம்பச் செலவை வைத்துப் பார்த்தால், 220 கம்பத்துக்கு ரெண்டு லட்சத்துக்கு மேல், சொட்டுநீரும் வேலியும் தனி. மூன்று வருஷம் வட்டி தனி. அதுவும் எட்டரை கிலோ என்பது மூன்றாவது வருஷக் காய்ப்பு. முதல் வருஷத்தில் நாலு கம்பத்துக்கும் சேர்த்து 9 பழம்.

தம்பி பொண்டாட்டி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "நாலு கம்பத்துக்கு நான் பிரஷ் புடிச்சேன். இருநூத்தி இருபது கம்பத்துக்கு யாரு புடிப்பா?" யாரும் பேசவில்லை.

நோட்டீஸ் கொடுத்தவரின் நம்பருக்குத் தம்பி அன்று போட்டுப் பார்த்தான். உபயோகத்தில் இல்லை என்று வந்தது.

இதைக் கேட்டுட்டு, டிராகன் பழம் ஏமாற்று வேலை என்று முடிவுக்கு வந்துடாதீங்க. சரியான ரகம், சரியான தண்ணீர், பக்கத்தில் சந்தை, கையில் மூன்று வருஷம் தாங்குகிற முதல், இதெல்லாம் இருக்கிறவர்கள் நல்லா செய்கிறார்கள். கர்நாடகத்தில் ஹிரேஹள்ளியில் மத்திய தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் இதற்கென்றே ஒரு மையம் இருக்கிறது. ஆனால் அந்த லாபம் மணப்பட்டில் 38 குழிக்கு, கடன் வாங்கின நகைக்கு, வருமா என்பதுதான் எங்கள் கேள்வி. அதற்கு நாலு கம்பம் பதில் சொல்லிவிட்டது. அந்தப் பதிலுக்கு எங்களுக்கு ஆன செலவு 4,000 ரூபாய்.

தம்பி சும்மா விடவும் இல்லை. கவாத்தில் வெட்டின கிளை இருக்கிறதே, அதெல்லாம் கன்றுதான். காசே இல்லாத கன்று. நிலத்தின் மேட்டுப் பக்கம், வரப்பு ஓரமாக 20 கம்பம் நட்டிருக்கிறான். பாதி சிவப்பு, பாதி வெள்ளை. மீதி நிலத்தில் வழக்கம்போல நெல்லும் மணிலாவும். 20 கம்பத்தின் பழத்தைக் கடையில் போடாமல், கடற்கரைக்கு வருகிறவர்களிடமும் என் ஆபீஸிலும் செடியில் முழுசாகப் பழுத்ததாகவே விற்க முடியும். அதற்குக் கிலோ 150 கொடுக்க ஆள் இருக்கிறது. அவன் இப்போது வேறு கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிறான். நகை பீரோவில் இருக்கிறது.

மாடி வீட்டுக்காரர்களுக்கு

சென்னையிலோ கோயம்புத்தூரிலோ மாடியில் வைக்கணும்னு கேட்கிறவங்களுக்குச் சுருக்கமாகச் சொல்றேன். 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம்மைக் குறுக்கே பாதியாக வெட்டினால் ரெண்டு தொட்டி. அடியில் விரல் அகலத்துக்கு எட்டு, பத்து ஓட்டை. நடுவில் நாலு அங்குலக் குழாயை நிறுத்தி அதற்குள் கான்கிரீட். நாலடி உயரம் போதும், மேலே டயர். மண் நனைந்து செடியும் வளர்ந்தால் கனம் நூறு கிலோவைத் தாண்டும். அதனால் தொட்டியை மாடியின் நடுவில் வைக்காமல், தூண் அல்லது சுவர் வருகிற இடத்தின் மேல் வையுங்க. ஆறு மணி நேர வெயில் வேணும். ஒரு தொட்டிக்கு ரெண்டு துண்டு, ஒன்று வெள்ளை, ஒன்று சிவப்பு. மாதம் ஒரு தடவை ஒரு கை மண்புழு உரம். எறும்பு மொட்டில் ஏறினால் பதறி மருந்து அடிக்காதீங்க, தண்ணீரைப் பீய்ச்சினால் போதும்.

துண்டைக் காசு கொடுத்து வாங்குவதற்கு முன்னால், ஏற்கெனவே காய்க்கிற செடி யார் வீட்டில் இருக்கிறது என்று விசாரியுங்க. நவம்பர், டிசம்பரில் எல்லாரும் வெட்டித்தான் போடுவாங்க. அவங்ககிட்ட எத்தனை பழம் காய்த்தது, எந்த மாதம் என்றும் கேளுங்க. எந்த நோட்டீஸும் சொல்லாததை அவங்க சொல்லுவாங்க.

பிப்ரவரியில் நட்டால் அடுத்த வருஷ ஜூனில் பூக்கலாம். பூத்த ராத்திரி எல்லாரும் போட்டோ எடுக்கத்தான் ஓடுவீங்க, எனக்குத் தெரியும். முதல்ல பிரஷ்ஷை எடுங்க. போட்டோவுக்குக் காலை வரைக்கும் நேரம் இருக்கு.